சும்மாட்டைச் சரிசெய்த பையன்: இளையோர் கதையில் காதலனை எழுதுவது எப்படி?

வடசென்னை ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதிப் பழகுகிறோம். பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். எல்லோருடைய நோட்டிலும் ஒரு காதல் கதை இருக்கும். அதில் வருகிற பையன் மட்டும் எல்லா நோட்டிலும் ஒரே ஆள். ஆறடி உயரம், கறுப்புச் சட்டை, புல்லட், யாரையும் மதிக்காத பார்வை. பெயர்தான் மாறும்.

ஒரு நாள் ஒரு நோட்டில், எழுதி அடித்த நாலைந்து வரிகள் கண்ணில் பட்டன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற நாயகியின் அம்மா ஆள் தேடுகிறாள். பக்கத்தில் ஐஸ் பெட்டி இழுத்துக்கொண்டிருந்த பையன் வருகிறான். கூடையில் கை வைப்பதற்கு முன்னால், அம்மாவின் தலையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த சும்மாட்டை, சுமைக்கு அடியில் வைக்கிற அந்தத் துணிச் சுருளை, நேராக வைக்கிறான். அப்புறம் கூடையைத் தூக்கிவிட்டு, தன் பெட்டியை இழுக்கப் போய்விடுகிறான்.

ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அது சும்மா வந்துச்சுக்கா, கதைக்குச் சம்பந்தமில்ல" என்றாள். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். அறையில் இருந்த அத்தனை பேரும் உடனே கேட்டது, "யாருக்கா அந்தப் பையன்?" புல்லட்காரனைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இளையோர் கதையில் வாசகிக்குப் பிடித்துப்போகிற பையனை எப்படி உருவாக்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சும்மாட்டுக் கதையைத்தான். அந்தப் பெண் தன் நாயகிக்கு ஷைனி என்று பெயர் வைத்திருந்தாள். பையனுக்கு ரூபன் என்று எல்லோரும் சேர்ந்து பெயர் வைத்தோம். அவள் சம்மதத்தோடு அந்த இருவரையும் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இந்தப் பாத்திரம் கதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். இளையோர் நாவல் என்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் படிப்பதற்காக எழுதுவது. நாயகிக்கும் அதே வயதுதான் இருக்கும். கதை அவளுடையது. வளர்வது, தடுமாறுவது, முடிவெடுப்பது எல்லாம் அவள். அந்தப் பாதையில் அவள் மனம் சாய்கிற பையன்தான் நாம் பேசுகிற ஆள். அவனை 'ஹீரோ' என்று நினைத்துக்கொண்டு எழுதினால் பத்தாவது பக்கத்திலேயே கதை அவன் கைக்குப் போய்விடும். பெண் ஓரமாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளின் நோட்டுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆகவே எங்கள் வகுப்பில் 'ஹீரோ' என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. 'பையன்' என்றே சொல்கிறோம்.

அப்படியென்றால் அவனை எங்கிருந்து தொடங்குவது? ஷைனியிடமிருந்துதான். ஒருவனிடம் எது பிடிக்கும் என்பது பார்க்கிறவளின் கண்ணைப் பொறுத்தது. அம்மா தினமும் இருபது கிலோ தலையில் சுமக்கிற வீட்டுப் பெண்ணுக்குச் சும்மாடு சரிந்தால் கழுத்து எப்படி வலிக்கும் என்று தெரியும். ஆகவே அந்த ஒரு கைவேலை அவள் கண்ணில் படுகிறது. பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஐ.சி.எஃப். சங்கு ஊதும் நேரத்துக்கு எல்லாம் நடக்கிற வீட்டில் வளர்ந்த பெண்ணாக இருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற பையனை அவள் கவனித்திருப்பாள். பையனின் குணங்களைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் நாயகியின் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்த வீட்டில் எது இல்லையோ, அதைக் கொஞ்சமாவது கையில் வைத்திருப்பவன்தான் அவளுக்குப் பிடித்துப்போவான்.

ஷைனியின் வீடு ஒரே அறை. அடுத்த வீட்டு மிக்ஸி ஓடினால் இங்கே டிவி கேட்காது. அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவளை எதுவும் கேட்பதில்லை. அம்மா விடியற்காலையில் ஏலத்துக்குக் கிளம்பியதும் அவள் மொட்டை மாடிக்குப் போய்ப் படிப்பாள். இதை ஒரு தடவை பேச்சுவாக்கில் ரூபனிடம் சொல்கிறாள். முப்பது பக்கம் தள்ளி, அதே விடியலில் ரூபனும் அவன் கூட்டாளிகளும் பாட்டு வைத்துக்கொண்டு தெருவில் வருகிறார்கள். அந்தக் கட்டிடத்துக்குக் கீழே வந்ததும் ரூபன் போனை வாங்கிப் பாட்டை நிறுத்துகிறான். ஏன் என்று யாருக்கும் சொல்வதில்லை. மேலே அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள்.

'அவன் அவளை நன்றாகப் புரிந்துகொண்டான்' என்று நேராக எழுதினால் வாசகி நம்பமாட்டாள். பாட்டு நின்றதை எழுதினால் நம்புவாள். அவள் சொன்ன ஒன்று முன்னால் ஒரு இடத்தில் விழுந்து, பின்னால் அவன் செய்கையாக முளைக்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். அடுத்த பக்கத்திலேயே வந்தால் சப்பென்று இருக்கும்.

அவனுக்கு வேறு வேலை இருக்கிறது

நான் படித்த முதல் வரைவுகளில் பெரும்பாலான பையன்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அவள் வராத நேரத்தில் அவர்கள் எங்கேயும் இருப்பதில்லை. அவள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் அவனும் அங்கே. டியூஷன் விட்டால் வாசலில் அவன். அவனுக்கு வீடு, பசி, கடன், ஆசை எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவனை நாலு அத்தியாயம் தாண்டிப் படிப்பது கஷ்டம்.

ரூபனுக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்று வகுப்பில் பேசியபோது, காசிமேட்டுப் பிள்ளைகளே வழி சொன்னார்கள். தடைக்காலம். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்பதற்காக அரசு வைத்திருக்கும் தடை. படகுகள் கரையேறும். பெயிண்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். நிவாரணத் தொகை வரும், ஆனால் அதை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த 61 நாட்களைப் பள்ளிக் காலண்டரோடு சேர்த்துப் பாருங்கள். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை முடிகிறது. மே மாதம் ரிசல்ட். ஜூனில் காலேஜ் யார், எங்கே என்று முடிவாகும். ஷைனிக்கும் ரூபனுக்கும் 17 வயது, இருவரும் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். ரூபனுடைய அப்பா படகு ஓனர் இல்லை, கூலிக்குப் போகிறவர். தடை முடிந்ததும் மகனையும் படகில் ஏற்றிவிட நினைக்கிறார். ரூபனுக்கு டீசல் என்ஜின் மேல் பைத்தியம். பாலிடெக்னிக்கில் சேர்ந்து முறையாகப் படிக்க ஆசை. ஜூன் 14 இரவு படகு கிளம்பும்போது அவன் அதில் இருப்பானா, கரையில் நிற்பானா? இந்தக் கேள்விக்கும் ஷைனிக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்லை. அவள் இல்லாவிட்டாலும் இந்தச் சிக்கல் அவனுக்கு இருந்திருக்கும். அதனால்தான் அவன் உயிருள்ள ஆளாகிறான். அவன் மேல் அவளுக்கு வருகிற கவனத்திலும் ஒரு மரியாதை சேர்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். நாயகி வராத ஒரு முழு நாளை, காலையிலிருந்து இரவு வரை, பையனுக்கு எழுதுங்கள். நாவலில் சேர்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் பையன் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் அப்படி எழுதியபோது ரூபன் சாயங்காலம் கேரம் ஆடப் போனான். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு உண்டு, உலக சாம்பியனும் அர்ஜுனா விருது பெற்றவருமான மரியா இருதயம் இந்த நகரத்துக்காரர். அவள் எழுதிய ஆட்டத்தில் ரூபன் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ காயினுக்குக் குறி பார்க்கிறான். விரல் பக்கத்து காயினில் லேசாக உரசிவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு, "கை பட்டுச்சு மச்சி, ஃபைன் வை" என்கிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். இந்தக் காட்சி கடைசியில் நாவலுக்குள்ளேயே போய்விட்டது. கடையில் உப்பு வாங்க வந்த ஷைனி அதைத் தெருமுனையிலிருந்து பார்த்துவிடுகிறாள்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு விவரம் போதும், அதுவும் அவன் செய்கிற வேலையோடு ஒட்டியதாக இருந்தால் நிற்கும். ரூபனுக்கு நகக்கண்ணில் போகாத டீசல் கறை, வெயிலில் காய்ந்த பிடரி. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'கறுப்பா இருந்தாலும் களையா இருந்தான்' என்று எழுதாதீர்கள். அந்த 'இருந்தாலும்' படிக்கிற பிள்ளையின் மேல் விழுகிற அடி.

"வேணாம்" என்றால்

நம் திரைக்கதைகள் பல காலமாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. பெண் வேண்டாம் என்பாள், பையன் விடாமல் பின்னால் சுற்றுவான், கடைசியில் அவள் மனசு மாறும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதையே காதல் என்று எழுதுகிறார்கள். நான் கல்மண்டபம் பக்கம் வளர்ந்தவள். ஒரு பையன் தெருமுனையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் பெண்ணின் கையிலிருந்து போன் போகும். அப்புறம் டியூஷன் நிற்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் படிப்பு நிற்கும், ஊரில் மாமன் மகனுக்குப் பேசி முடிப்பார்கள். விடாமுயற்சி அவனுடையது, விலை கொடுப்பவள் அவள். என்னோடு படித்த ஒருத்தி பத்தாம் வகுப்போடு நின்றது இப்படித்தான். அவள் அந்தப் பையனோடு ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை.

ஆகவே உங்கள் பையன் 'வேணாம்' என்பதைக் காதில் வாங்க வேண்டும். உடனே வருகிற கேள்வி: அவன் விலகிப் போய்விட்டால் கதை நின்றுவிடாதா, அக்கா?

நிற்காது. ரூபனையும் ஷைனியையும் பாருங்கள். பிப்ரவரி கடைசியில், தண்ணி லாரி வரிசையில் நடக்கிற பேச்சு இது:

"பரீட்ச முடியிற வரைக்கும் எங்கிட்ட பேசாத."

"இன்னாத்துக்கு?"

"எங்க மாமா பாத்துட்டாரு. அதுவும் இல்லாம எனக்கும் படிக்கணும்."

"சரி."

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். மறுநாளிலிருந்து வரிசையில் அவன் இல்லை. அவன் தங்கச்சி குடத்தோடு நிற்கிறாள். ஒரு வாரம் கழித்து, அவன் இரண்டு தெரு தள்ளிப்போய் அடிபம்பில் தண்ணி பிடிப்பதாகத் தங்கச்சி சொல்லித் தெரிகிறது. ஷைனிக்கு நிம்மதியாக இருக்கிறது. அப்புறம் அந்த நிம்மதிக்கு நடுவிலேயே வரிசையில் அவன் நின்ற இடத்தைப் பார்க்கிற பழக்கமும் வந்துவிடுகிறது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அவளே அடிபம்புக்குப் போகிறாள். மூன்று வாரம் அவன் வரவில்லை, ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் அவள் மனசு நகர்கிறது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான்.

வயதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 16 வயதுப் பெண்ணுக்கு 27 வயதில் கார் வைத்திருக்கும் ஆளைக் காதலனாக எழுதாதீர்கள். அவனுக்கு இருக்கிற பணமும் அனுபவமும் அவளை மடக்கத்தான் பயன்படும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். இந்த வயதுக் கதையில் நெருக்கம் என்பது பேச்சிலும் பார்வையிலும் சேர்ந்து நடக்கிற நாலு தெருவிலும் இருந்தாலே வாசகிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அடுத்தது குறை. குறையே இல்லாத பையன் அலுத்துப்போவான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'கோபக்காரன்' என்று ஒரு குறையை ஒட்டவைப்பார்கள். அந்தக் கோபம் எப்போதும் வில்லன்மேல்தான் பாயும். இப்படி எழுதும்போது அது அவனுக்கு ஒரு அலங்காரமாகிவிடுகிறது. நிஜமான குறை, அவனுடைய நல்ல குணத்தின் மறுபக்கமாக இருக்கும், நாயகிக்கு எங்காவது வலிக்கச் செய்யும். ரூபன் சொல்லாமல் செய்கிறவன். பாட்டை நிறுத்தினான், சொல்லவில்லை. தெரு மாறிப் போனான், சொல்லவில்லை. அதே வாயடைப்பு கஷ்ட காலத்திலும் தொடர்கிறது. தடைக்காலத்தில் வீட்டில் அரிசி இல்லை என்று ஷைனியின் அம்மாவிடமே மூவாயிரம் ரூபாய் கடன் வாங்குகிறான். ஷைனியிடம் 'எல்லாம் நல்லாத்தான் போகுது' என்கிறான். அடுத்த வீட்டு அக்கா வழியாக அவளுக்குத் தெரியவருகிறது. காலேஜ் விண்ணப்பத்துக்கு அம்மா ஒதுக்கிவைத்திருந்த பணம் அது.

இந்த இடத்தை வேகமாகத் தாண்டாதீர்கள். மன்னிப்பு கேட்கிற விதத்தில்தான் பையன் யார் என்று தெரியும். பூங்கொத்தோடு வந்து நிற்பது, கையைக் கீறிக்கொள்வது, 'நீ இல்லன்னா செத்துடுவேன்' என்பது எல்லாம் அவள் தலையில் இன்னும் ஒரு சுமையை ஏற்றுகிற வேலை. ரூபன் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் மூட்டை பிரிக்கிற வேலைக்குப் போகிறான். சனிக்கிழமைதோறும் அவள் அம்மா கையில் முந்நூறு ரூபாய் கொடுக்கிறான். ஷைனியிடம் ஒரே ஒரு தடவை பேசுகிறான். "சொல்லியிருக்கணும். அசிங்கமா இருந்துச்சு, அதான் சொல்லல." அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவன் இரண்டாவது தடவை கேட்கவும் இல்லை.

வடசென்னைப் பையன் என்றதும் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வியாசர்பாடி மைதானத்தில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற பையன் இருக்கிறான், பாக்ஸிங் பயிற்சிக்குப் போகிறவன் இருக்கிறான், கன்டெய்னர் லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டே வக்கீல் படிப்பு பற்றி விசாரிப்பவன் இருக்கிறான். இவர்களை அப்பா, அண்ணன், அடுத்த வீட்டுக்காரன் என்று தினமும் பார்க்கிற பிள்ளைகள்கூட, பேனாவை எடுத்ததும் அவர்களை மறந்துவிடுகிறார்கள். பேச்சிலும் அப்படித்தான். 'இன்னா', 'குந்து', 'வந்துக்கினு' என்று அவன் வாயில் எப்போதும் சிரிப்புக்காகவே பாஷையைத் திணிக்கிறார்கள். உண்மையில் ஒரே பையன் நாலு விதமாகப் பேசுவான். கூட்டாளியிடம் "இன்னா மச்சி", மீன் விற்கிற அம்மாக்களிடம் "தள்ளுங்கக்கா, பெட்டி வருது", வாத்தியாரிடம் "இல்ல சார்". ஷைனியிடம் எப்படிப் பேசுகிறான்? அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் வசனம் தானாக வரும்.

இன்னொன்று, நம் அகப்பாடல்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. தலைவனும் தலைவியும் அங்கே தனியாக இருப்பதே குறைவு, தோழி இருப்பாள். தலைவன் வந்து நின்றால் தோழி அவனை எளிதில் விடமாட்டாள், இன்று வேண்டாம் என்று தள்ளிவைப்பாள், சோதிப்பாள். சேட்படுத்தல் என்று இதற்குப் பெயரே உண்டு. உங்கள் நாயகிக்கும் அப்படி ஒருத்தி இருக்கட்டும். தோழிக்கு அவன்மேல் சந்தேகம் இருந்தால், வாசகிக்கு எழும் சந்தேகத்தை அவளே கேட்டுவிடுவாள். தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் பொருந்த வேண்டியவை என்று பத்து சொல்கிறது. பிறப்பும் குடிமையும் திருவும் அதில் உண்டு, நிறையும் அருளும் உணர்வும்கூட உண்டு. பிறப்பையும் குடிமையையும் கேட்டு இன்றும் எத்தனை பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கதையில் அந்தக் கேள்வியை மாமன்கள் கேட்கட்டும். நிறை என்பது மனத்தில் உள்ளதை வெளியே சிந்தாமல் அடக்கிவைப்பது. அருள் என்பது பிறர் கஷ்டம் பொறுக்காத மனசு. பையனை எழுதும்போது இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மாட்டைச் சரிசெய்த கையில் அருள் இருந்தது. நிறை கொஞ்சம் கூடிப்போனதால்தான் அந்த மூவாயிரம் ரூபாய்ச் சிக்கலே வந்தது.

அந்தப் பெண் போன மாதம் புது வரைவு கொண்டுவந்தாள். முதல் காட்சியாக இருந்த சும்மாடு இப்போது கடைசியிலும் வருகிறது. தடை முடிந்து படகுகள் திரும்பிய பிறகு வரும் முதல் ஏலம். ரூபனுடைய அப்பா படகிலிருந்து இறங்குகிறார், கூட ரூபன் இல்லை. அவன் கரையில், பாலிடெக்னிக் விண்ணப்பம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிய, அப்பாவுக்காக நிற்கிறான். ஷைனியின் அம்மா கூடையோடு ஆள் தேடுகிறாள். அவன் வருவதற்குள் ஷைனி அம்மாவின் சும்மாட்டைச் சரிசெய்துவிட்டு, கூடையின் ஒரு பக்கம் கை கொடுக்கிறாள். ஏழு வாரத்துக்குப் பிறகு அவனிடம் முதல் வார்த்தை பேசுகிறாள்.

"அந்தப் பக்கம் பிடி."